வைட் ரிசீவர் ஒருவரின் ஆட்ட வாழ்க்கையைப் பின்தொடர்வது எப்படி

மதுரையில் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு எதற்குக் கால்பந்து என்று பெயர்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படிக் கேட்டவன்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, கபடி, கோ-கோ, கைப்பந்து என்றே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, டெக்சாஸில் குடியேறிய என் அக்காவின் மகன் தன் பள்ளி அணியில் வைட் ரிசீவராகச் சேர்ந்த பிறகுதான் இந்த ஆட்டத்தைப் பார்க்க நேர்ந்தது. முதல் பருவம் முழுவதும் ஒன்றும் பிடிபடவில்லை. "மாமா, பந்தைப் பார்க்காதீங்க, என் காலைப் பாருங்க" என்று அவன் ஒரு நாள் தொலைபேசியில் சொன்ன பிறகே புரியத் தொடங்கியது. ஒரே ஒரு ரிசீவரைத் தேர்ந்துகொண்டு, அவருடைய பள்ளிப் பருவத்திலிருந்து ஓய்வு வரை பின்தொடர்ந்து படிக்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்பவற்றை, நான் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் அடிப்படை விதிகளில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பதினொரு பேர். இரு கோல் கோடுகளுக்கும் இடையே 100 கஜம், அவற்றுக்கு அப்பால் பத்துப் பத்துக் கஜத்தில் கடைசிக் கட்டங்கள், 53 கஜத்துக்குச் சற்று மேற்பட்ட அகலம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். பக்கக்கோட்டுக்கு அருகில் விலகி நின்று, ஓடிப்போய், எறியப்பட்ட பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். அவரை ஒட்டியே ஓடித் தடுப்பவர் கார்னர்பேக், பின்னால் காவல் நிற்பவர் சேஃப்டி. இந்த நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும், மற்றவை பார்க்கப் பார்க்க விளங்கும். அளவுகளை மீட்டருக்கு மாற்றிக்கொள்ள முயல வேண்டாம் என்பது என் யோசனை. நம் தாத்தாக்கள் ஜவுளிக்கடையில் துணியை அளந்து வாங்கிய அதே கஜம்தான் இது. மூன்றடி, ஓர் ஆள் எட்டி வைக்கும் ஓர் எட்டு.

இங்கே ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு உதவும். நம் ஊர் அமெரிக்கன் கல்லூரி 1881இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில் அமெரிக்காவிலேயே வைட் ரிசீவர் என்று ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் பந்தை முன்னோக்கி எறிவதே விதிமீறலாக இருந்தது. அது 1906இல்தான் அனுமதிக்கப்பட்டது. அனுமதி கிடைத்த பின்னரும் எறிதல் என்பது வேறு வழியில்லாத வேளையில் கையாளும் உபாயமாகவே நெடுங்காலம் இருந்தது. 1935 முதல் 1945 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு ஆடிய டான் ஹட்சன்தான், இத்தனை கஜம் ஓடி இந்தப் பக்கம் திரும்புவது என்று முன்கூட்டியே வகுத்த பாதைகளில் ஓடிப் பந்து வாங்கும் முறையை ஒரு கலையாக ஆக்கியவர். எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பதற்கு டச்டவுன் என்று பெயர். அவர் பிடித்துப் போட்ட 99 டச்டவுன்கள் என்ற கணக்கை முறியடிக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆகவே எந்த ரிசீவரைப் படித்தாலும் அவர் எந்தக் காலத்து விதிகளின் கீழ் ஆடினார் என்பதை முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக 1978ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு முதல், பந்தைத் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜத்தைத் தாண்டிவிட்ட ரிசீவரைத் தடுப்பாட்டக்காரர் இடிக்கவோ மறிக்கவோ கூடாது என்றானது. அதற்கு முன்பு ஒரு பருவத்தில் ஆயிரம் கஜம் எடுத்தவரையும், அதாவது பிடித்த பந்துகளால் அணியை அத்தனை தூரம் முன்னேற்றியவரையும், அதற்குப் பின்பு ஆயிரம் கஜம் எடுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நமக்கு இரவு பத்தரைக்கும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு பதினொன்றரைக்கும் வரும். அங்கே ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் விடியலில், பால்காரர் வரும் வேளையில் தொடங்கும். இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நேரலையில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லப்போனால் ரிசீவரைப் படிப்பதற்கு நேரலை உதவாது. தொலைக்காட்சிக் கேமரா பந்தையே பின்தொடரும். ஆட்டம் தொடங்கிய அடுத்த வினாடியில் ரிசீவர் படத்தைவிட்டு வெளியே ஓடிவிடுவார். பந்து அவரிடம் போனால் மட்டுமே திரும்பவும் கண்ணில் படுவார். அதனால் மேலிருந்து இருபத்திரண்டு பேரையும் ஒன்றாகக் காட்டும் 'ஆல்-22' என்ற பதிவு கிடைத்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால், ஒவ்வோர் எறிதலுக்கும் பின்னர் போடப்படும் மறுஒளிபரப்பை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் அறுபது முறை பந்தைத் தொடங்கும். மிகச் சிறந்த ரிசீவருக்கும் அதில் பத்து முறை பந்து வந்தால் அதிகம். மீதி ஐம்பது முறையும் அவர் ஓடுகிறார், நிற்கிறார், தன் அணியின் ஓட்டக்காரருக்காக எதிராளியை மறிக்கிறார், யாருடைய கண்ணையோ தன் பக்கம் இழுக்கிறார். ஒரு ரிசீவரின் பிழைப்பு நிலைக்குமா என்பது அந்த ஐம்பதில் முடிவாகிறது. பத்து மட்டுமே தொலைக்காட்சிக்கு வருகிறது. நான் வைத்திருக்கும் குறிப்பேட்டில் இடப்பக்கம் முழுவதும் பந்து வராத ஓட்டங்களுக்கே. வலப்பக்கம் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும்.

காலைப் பார்ப்பது

ரிசீவர் ஓடும் பாதைக்கு 'ரூட்' என்று பெயர். பரவலாகப் பயன்படும் முறையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் உண்டு. ஒற்றைப்படை எண்கள் பக்கக்கோட்டை நோக்கியும், இரட்டைப்படை எண்கள் மைதானத்தின் நடுவை நோக்கியும் திரும்பும், ஒன்பது மட்டும் எங்கும் திரும்பாமல் நேரே ஓடுவது. இரண்டு என்றால் மூன்று எட்டு வைத்து உள்நோக்கிச் சாய்வாக வெட்டுவது. நான்கு என்றால் பத்துப் பன்னிரண்டு கஜம் ஓடிச் சட்டென்று எறிபவரை நோக்கித் திரும்பி நிற்பது. எட்டாம் எண் என்றால் அதே தொலைவு ஓடி, கோல் கம்பத்தை நோக்கிச் சாய்ந்து ஓடுவது. இவற்றை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை ஓடிப் பார்ப்பது நல்லது. வைகையில் மணல் இருந்த காலத்தில் அங்கே போகச் சொல்லியிருப்பேன். இப்போது இருப்பது கருவேலமும் சாக்கடையும் என்பதால் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கோ பக்கத்துப் பள்ளி மைதானத்துக்கோ விடியற்காலையில் போகலாம். கால் கிலோ சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு, அதிலிருந்து பன்னிரண்டு எட்டுத் தள்ளி ஒரு புள்ளி. முழு வேகத்தில் அந்தப் புள்ளி வரை ஓடி, வேகம் குறைவதை யாருக்கும் காட்டாமல், இரண்டே எட்டில் நின்று திரும்ப வேண்டும். முழங்காலில் எத்தனை பாரம் இறங்குகிறது என்பது அப்போது தெரியும். நாற்பதைக் கடந்தவர்கள் இதை நடந்து பார்த்தாலே போதும். நான் ஓடிப் பார்த்ததன் பலனாக ஒரு வாரம் தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று.

கபடி ஆடியவர்களுக்கு அடுத்த செய்தி எளிதில் விளங்கும். பாடி வருபவரின் கண்ணையும் கையையும் நம்பாதே, இடுப்பைப் பார் என்று நாம் பிடிப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஏனெனில் இடுப்பு பொய் சொல்வது கடினம். கார்னர்பேக்கும் ரிசீவரின் இடுப்பைத்தான் பார்க்கிறார். நல்ல ரிசீவரின் திறமை, திரும்பப்போகும் எட்டுக்கு முந்தைய எட்டு வரை, ஒன்பதாம் எண் பாதையில் ஓடுவதைப் போலவே இடுப்பையும் தோளையும் வைத்திருப்பதில் இருக்கிறது. அதோடு, குவார்ட்டர்பேக் பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டுவிடுவார். ஆள் இல்லாத வெற்றிடத்துக்குப் பந்து போகும், பந்து சேரும் நேரத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டும். பந்தைத் தொடங்கியதிலிருந்து எறிவது வரை கிடைக்கும் நேரம் இரண்டரை வினாடியைச் சுற்றித்தான். பன்னிரண்டு கஜம் என்று வகுத்த பாதையில் பத்தாவது கஜத்திலேயே திரும்பிவிடுகிறவர் பந்தைத் தவறவிட்டதாகப் புள்ளிவிவரத்தில் பதிவாகாது. எறிந்தவர் தவறாக எறிந்ததாகவே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அணியின் பயிற்சியாளருக்குத் தெரியும். அடுத்த வாரம் அவரைத் தேடிப் பந்து வராது.

கையைப் பார்ப்பது

என் வீட்டு மாடி கட்டிய நாட்களில், கீழிருந்து கையாள் ஒவ்வொன்றாக எறியும் சேம்பர் செங்கலைச் சாரத்தில் நின்றபடி கொத்தனார் வாங்கி அடுக்குவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வரும் கல்லை எதிர்த்து வாங்கினால் விரல் நசுங்கும். கல் ஏறி வந்து வேகம் அடங்கும் அந்த ஒரு கணத்தில், கையையும் அதன் போக்கிலேயே சற்று இழுத்து வாங்கினால் ஓசையின்றி உள்ளங்கையில் அமரும். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ரிசீவராகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பி மாநிலத்தின் கிராஃபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு கொத்தனாரின் மகனாக வளர்ந்தவர்; கோடை விடுமுறைகளில் சாரத்தின் மேல் நின்று அண்ணன் தம்பிகள் எறியும் செங்கல்லைப் பிடித்துத் தந்தைக்குக் கொடுத்தவர். தன் கைகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோதெல்லாம் அந்த வேலையையே அவர் சொல்லிவந்திருக்கிறார்.

பந்து இரு முனையும் கூர்ந்தது, பதினொரு அங்குல நீளம், ஏறத்தாழ நானூறு கிராம் எடை, சுழன்றுகொண்டே வரும். மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். பந்து கைக்கு வந்த பிறகும், அதை அக்குளில் இறுக்கும் வரை கண்ணை எடுக்கக் கூடாது. தவறவிடப்படும் பந்துகளில் பல, பிடித்து முடிக்கும் முன்பே எங்கே ஓடலாம் என்று தலையைத் திருப்பியதால் விழுபவை. எறிபவர் இடக்கைக்காரர் என்றால் சுழற்சியே எதிர்ப்பக்கமாக இருக்கும். ரைஸ் முதலில் வலக்கைக்காரரான ஜோ மொன்டானாவிடமும், பின்னர் இடக்கைக்காரரான ஸ்டீவ் யங்கிடமும் பந்து வாங்கினார். ஒருகாலத்தில் ரிசீவர்கள் கையில் பிசின் பூசிக்கொண்டு ஆடினார்கள். அது 1981இல் தடைசெய்யப்பட்டது. இப்போது அந்த வேலையை ஒட்டும் தன்மையுள்ள கையுறைகள் செய்கின்றன. ஒற்றைக் கையால் பிடித்த படங்களைப் பார்த்து வியக்கும்போது அந்தக் கையுறையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிடிப்பது மட்டும் போதாது. தொழில்முறை ஆட்டத்தில் இரு பாதங்களும் கோட்டுக்குள் பதிய வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் ஒரு பாதம் பதிந்தாலே செல்லும். கல்லூரியிலிருந்து வரும் இளைஞர் முதல் ஆண்டில் பக்கக்கோட்டருகே தடுமாறினால், அது கையின் குறையல்ல, அந்த இரண்டாவது பாதத்தின் குறை.

எப்படி அணிக்குள் வந்தார் என்று பார்ப்பது

ரைஸின் கதையில் உடற்கல்வி ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தது அவர் ஆட்டத்துக்கு வந்த விதம். வகுப்பைத் தவிர்த்து வெளியே சுற்றிக்கொண்டிருந்த பையனின் பின்னால் துணைத் தலைமை ஆசிரியர் போய் நின்றிருக்கிறார். பையன் எடுத்த ஓட்டத்தைப் பார்த்து, தண்டனையோடு அவனைக் கால்பந்துப் பயிற்சியாளரிடமும் அனுப்பியிருக்கிறார். சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து ஓடிய எத்தனையோ பையன்களை நான் வெறுமனே விரட்டியிருக்கிறேன். அவர்கள் எத்தனை வினாடியில் ஓடினார்கள் என்று ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைத் தேடி வரவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்து, 1984 பருவத்தில் 27 டச்டவுன்களைப் பிடித்தார். அடுத்த ஆண்டு நடந்த டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், பதினாறாவதாக சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸ் அணி அவரை எடுத்தது. அவருக்கு முன்பே இரு ரிசீவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டனர். பத்தாவதாக அல் டூனை நியூயார்க் ஜெட்ஸும், பதின்மூன்றாவதாக எடி பிரௌனை சின்சினாட்டியும் எடுத்தன. இருவரும் நல்ல ஆட்டக்காரர்களே. சின்சினாட்டி தவறு செய்ததாக அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. 1989 ஜனவரியில் அதே சின்சினாட்டிக்கு எதிரான சூப்பர் பௌலில் ரைஸ் 11 பந்துகளைப் பிடித்து 215 கஜம் எடுத்தார், ஆட்டநாயகனும் ஆனார், 20-16 என்று அவர் அணி வென்றது. டிராஃப்ட் வரிசை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட அதே இடத்து ஆட்டக்காரர்களின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அணிகள் எதைத் தேடின, எதைக் காணத் தவறின என்பது அந்தப் பெயர்களில் இருக்கிறது.

தேடப்படுவது பெரும்பாலும் வேகம். ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் தேர்வுமுகாமில் நாற்பது கஜ ஓட்டத்தை நூற்றில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கிறார்கள். 2017இல் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடிச் சாதனை படைத்தார், ஒன்பதாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஆனால் எந்தப் பருவத்திலும் ஆயிரம் கஜத்தைத் தொடவில்லை. 2024இல் சேவியர் வொர்தி 4.21இல் ஓடி அந்தச் சாதனையை முறித்தார். வேகம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் அடுத்த ஆண்டே டாலஸ் கௌபாய்ஸ் அணிக்கு ரிசீவராக வந்தபோது, ஒருவரை ஒருவர் தனியே காத்து நிற்கும் தடுப்பு முறையால் அவரை மடக்க முடியவில்லை. ஆளைக் காப்பதைவிட இடத்தைக் காக்கும் முறைக்கு எதிரணிகள் போக வேண்டியதாயிற்று. ரைஸ் அத்தகைய வேகக்காரர் அல்லர். ஆனால் பருவம் முடிந்த மாதங்களில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு குன்றில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஏற்றத்தை ஓடியே ஏறுவதை வழக்கமாக வைத்திருந்தார். அழகர் கோவிலிலிருந்து நூபுர கங்கைக்குப் போகும் மலைப்பாதையை நினைத்துக்கொண்டால் அந்த உழைப்பு ஓரளவு பிடிபடும். அவருடைய ஓட்டம் நான்காவது கால்பகுதியிலும் முதல் கால்பகுதியில் இருந்தது போலவே இருந்ததற்குக் காரணம் அந்தக் குன்று என்பது என் எண்ணம்.

முதல் ஆண்டை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். 1985இல் ரைஸ் பந்தைத் தவறவிட்டுத் தவறவிட்டுச் சொந்த அணி ரசிகர்களின் ஏளனத்துக்கு ஆளானார். டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 241 கஜம் எடுத்தார். அடுத்த பருவத்தில் 1,570.

எண்களை வாசிப்பது

இருபது பருவங்களில் அவர் பிடித்த பந்துகள் 1,549, எடுத்த கஜம் 22,895. இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் 17,492ஐவிட இது ஐயாயிரத்துக்கும் மேல் அதிகம். கிலோமீட்டரில் சொன்னால் இருபத்தொன்றுக்குச் சற்றுக் குறைவு, அதாவது அழகர் கோவிலிலிருந்து மதுரைக்கு வரும் தூரம். மலையிலிருந்து இறங்கும் கள்ளழகர் வழியெங்கும் மண்டகப்படிகளில் நின்று நின்று வைகைக்கு வருவதைப் போல, ரைஸும் சராசரியாகப் பதினைந்து கஜத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவரால் கீழே தள்ளப்பட்டு, எழுந்து, இருபது ஆண்டுகளில் இந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறார். பேரனுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

எண்களை ஒப்பிடும்போது எத்தனை ஆட்டங்கள் என்று பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. 1978 முதல் ஒரு பருவத்துக்குப் பதினாறு ஆட்டங்கள். 2021 முதல் பதினேழு. 1987இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ரைஸ் ஆடியது பன்னிரண்டு ஆட்டங்கள்தான், ஆனால் பிடித்த டச்டவுன்கள் 22. இருபது ஆண்டுகள் கழித்து 2007இல் ராண்டி மாஸ் பதினாறு ஆட்டங்களில் 23 பிடித்து அதை முறியடித்தார். ஏட்டில் மாஸின் சாதனைதான் நிற்கிறது. என் குறிப்பேட்டில் இரண்டுக்கும் எதிரே ஆட்டங்களின் எண்ணிக்கையும் நிற்கிறது. அதுபோலவே கால்வின் ஜான்சன் 2012இல் பதினாறு ஆட்டங்களில் எடுத்த 1,964 கஜமும், கூப்பர் கப் 2021இல் பதினேழு ஆட்டங்களில் எடுத்த 1,947 கஜமும் பார்வைக்கு அருகருகே தெரியும், வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு எட்டுக் கஜம் இடைவெளி உண்டு. எறிந்தவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ரைஸுக்கு வாய்த்த இருவரும் பின்னர் அவரைப் போலவே ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்மன்றத்தில் இடம்பெற்றவர்கள். அரிசோனாவிலேயே பதினேழு பருவங்களைக் கழித்த ஃபிட்ஸ்ஜெரால்டோ அடிக்கடி மாறிய பலரிடம் பந்து வாங்கியவர். மொத்தக் கணக்கில் ரைஸ் பெரியவர் என்பதில் ஐயமில்லை, ஆனால் ஃபிட்ஸ்ஜெரால்டின் எண்கள் எனக்குக் கூடுதல் மரியாதையைத் தருகின்றன.

சம்பளமும் இடமும்

டிராஃப்டில் எடுக்கப்பட்டவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. தொகை பெரும்பாலும் தேர்வு வரிசைப்படியே அமைந்துவிடும். பேரம் பேசும் வாய்ப்பு இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வரும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும். செய்தித்தாள்களில் வரும் ஒப்பந்தத் தொகையைக் கண்டு மலைக்க வேண்டாம். அதில் எவ்வளவு உறுதியளிக்கப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். மீதியை, ஆட்டக்காரரை விலக்கிவிட்டால் அணி கொடுக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்துத் தள்ளுபடித் துணியில் எழுதியிருக்கும் பழைய விலையைப் போன்றது அந்தப் பெரிய தொகை.

பயிற்சி முகாமுக்கு ஓர் அணி தொண்ணூறு பேரைக் கொண்டுவரும், ஆகஸ்ட் இறுதியில் அதை ஐம்பத்து மூன்றாகக் குறைக்கும். விலக்கப்பட்டவர்களில் சிலர் பயிற்சிக் குழுவில் குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்து, வாரம் முழுவதும் எதிரணி ரிசீவரைப் போல நடித்துத் தங்கள் தடுப்பு அணிக்குப் பயிற்சி தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ஆடமாட்டார்கள். பெரும்பாலான ரிசீவர்களின் வாழ்க்கை இந்த விளிம்பிலேயே நடக்கிறது. ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற மூன்று பருவங்கள் வேண்டும். அந்த மூன்றாவது பருவத்துக்காகத் தொடைச் சதைப் பிடிப்பை மறைத்துக்கொண்டு ஓடுபவர்களின் பெயரை நாம் கேள்விப்படப்போவதில்லை. இந்த விளிம்பிலிருந்து மேலேறியவர்களும் உண்டு. ஜூலியன் எடல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர், 2009இல் கடைசிச் சுற்றில் 232ஆவதாக எடுக்கப்பட்டவர், ஆடும் இடத்தையே மாற்றிக்கொண்டு ரிசீவரானவர். பத்தாண்டு கழித்து 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலின் ஆட்டநாயகன். நட்சத்திரங்களைவிட இப்படிப்பட்டவரைப் பின்தொடர்வதே முதன்முதலாகப் படிப்பவருக்கு அதிகம் கற்றுத்தரும்.

உடம்பு

1997 பருவத்தின் முதல் ஆட்டம் வரை ரைஸ் தொடர்ந்து 189 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அன்று டாம்பா பேயில் முழங்கால் தசைநார் கிழிந்தது. எல்லோரும் அந்தப் பருவம் முடிந்ததென்றே நினைத்தார்கள். அவர் டிசம்பரில் திரும்பி வந்தார், ஒரு டச்டவுனைப் பிடித்தார், கீழே விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. மீண்டும் எழுந்து வந்து, அணி மாறி ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு ஆடி, நாற்பது வயதைத் தொட்ட 2002 பருவத்தில் 1,211 கஜம் எடுத்தார். இதை ஊக்கக் கதையாக மட்டும் வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை அவசரமாகத் திரும்பியது தவறு என்றே ஓர் ஆசிரியனாகச் சொல்வேன். கால்வின் ஜான்சன் முப்பதே வயதில், ஒன்பது பருவங்களோடு, உடம்பு போதும் என்றதும் விலகிக்கொண்டார். அவரும் 2021இல் புகழ்மன்றத்துக்குள் வந்துவிட்டார்.

பந்துக்காகக் கையை உயர்த்திய கணத்தில் ரிசீவரால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. 1978 ஆகஸ்டில், கணக்கில் சேராத ஒரு முன்னோட்ட ஆட்டத்தில், நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லி அப்படி எழும்பியபோது மோதப்பட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அந்நிலையில் இருப்பவரின் தலையைத் தாக்குவதை இன்றைய விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பிக்க நினைத்தால் மோதல் இல்லாத கொடி ஆட்டத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். அணிக்கு ஐந்து பேர். 25 கஜ அகலமும், கடைசிக் கட்டங்கள் உட்பட 70 கஜ நீளமும் உள்ள இடம். இடுப்பில் தொங்கும் கொடியை உருவிவிட்டால் ஆள் பிடிபட்டதாகக் கணக்கு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் விளையாட்டில் ஆண், பெண் இரு பிரிவிலும் இதைச் சேர்த்திருக்கிறது. கொடிக்குப் பழைய வேட்டிக் கரையைக் கிழித்து அரைக்கச்சையில் செருகிக்கொண்டால் போதும். பந்துக்குத்தான் கொஞ்சம் செலவாகும்.

கடைசிப் பக்கம்

ஓய்வை அறிவித்த நாளோடு குறிப்பேட்டை மூடிவிடக் கூடாது. ரைஸ் 2004இல் சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார், 2005இல் டென்வரில் சேர்ந்தார், அங்கே முதல் மூன்று ரிசீவர்களில் ஒருவராக இருக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் பருவம் தொடங்கும் முன்பே விலகினார். ஒஹையோ மாநிலத்தின் கான்டன் நகரிலுள்ள புகழ்மன்றத்துக்கு ஒருவரைப் பரிசீலிக்க ஐந்து பருவங்கள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் தகுதிபெற்ற முதல் ஆண்டிலேயே, 2010இல், தேர்ந்தெடுக்கப்பட்டார். பாப் ஹேய்ஸுக்கு அந்த அழைப்பு 2009இல்தான் வந்தது. அவர் 2002இலேயே இறந்துவிட்டிருந்தார். எனவே ஓய்வுபெற்ற ஆண்டை எழுதியதும் கீழே பாதிப் பக்கத்தையாவது காலியாக விட்டுவைக்க வேண்டும். என் அக்கா மகனுக்கு இன்னும் ஒரு பள்ளிப் பருவம் மீதமிருக்கிறது. அவனுக்கும் ஓர் ஏடு போட்டு, போன வாரத்து ஆட்டத்தில் பந்து வராத முப்பத்தெட்டு ஓட்டங்களையும் இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன்.